பைக்காரா முதல் சிங்காரா வரை

பைக்காரா படகுத்துறையில் டிக்கெட்டுக்கு நிற்பவர்களிடம், நீங்கள் பார்ப்பது ஏரி இல்லை, மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர் என்று சொன்னால் பாதிப் பேர் வியந்து திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. மேட்டூரிலும் பவானிசாகரிலும் இருப்பதுபோல வானத்தை மறைக்கும் சுவர் எதுவும் இங்கே கண்ணில் படுவதில்லை. சுற்றிலும் சோலை, புல்மேடு, பிற்காலத்தில் வந்த பைன் மரங்கள், நடுவே குளிர்ந்த நீர். ஸ்பீடு போட்டில் ஒரு சுற்று, அருவியில் நாலு படம், ஒரு வேகவைத்த சோளக்கதிர், அத்தோடு வண்டி கூடலூரைப் பார்த்துக் கிளம்பிவிடும்.

நான் கோயமுத்தூர்க்காரி. என் ஊர் இன்றிருக்கும் உருவத்துக்கு வந்ததில் இந்தத் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நன்றியோடுதான் அங்கே போய்வரத் தொடங்கினேன். போகப் போக ஒன்று விளங்கியது. பைக்காராவைத் தனி அணையாகப் பார்த்தால் அதன் வரலாறு பிடிபடாது. முக்குருத்தி, பைக்காரா நீர்த்தேக்கம், கிளன்மார்கன், மலைச்சரிவில் இறங்கும் இரும்புக் குழாய்கள், சிங்காரா மின்நிலையம், மரவகண்டி, மாயாறு எல்லாம் சேர்ந்து ஒரே கட்டுமானம். அதைக் கட்டியவர்கள், அதற்காக நிலம் இழந்தவர்கள், அதன் வெளிச்சத்தில் பிழைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்தது அதன் வரலாறு. இதை முழுதாக ஒரு பாரம்பரிய வட்டாரமாக நாம் பேணவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆறு முக்குருத்திச் சிகரத்தின் சரிவுகளில் பிறக்கிறது. சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைக் கடந்து நீலகிரியின் மேற்கு விளிம்பில் மோதும் இடம் அது. ஜூன் தொடங்கினால் செப்டம்பர் வரை அங்கே வானம் திறந்தே கிடக்கும். பெய்த மழை முழுவதும் உடனே ஓடிவிடுவதில்லை. சோலையும் புல்வெளியும் கலந்த அந்த நிலம் நனைத்த கம்பளிபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடும். அப்படிச் சேர்ந்த ஆறு பீடபூமியின் மேலே வடக்கு நோக்கி ஓடி, பைக்காராவுக்குக் கீழே அருவிகளாக விழுந்து, முதுமலைப் பக்கம் இறங்கியதும் மாயாறு என்று பெயர் மாறுகிறது. பிறகு கிழக்கே திரும்பி ஆழமான பள்ளத்தாக்கு வழியே போய் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது.

பொறியாளர்களின் கண்ணில் பட்டது இந்த ஆற்றின் அளவல்ல, அது இழக்கும் உயரம். பீடபூமியின் வடக்கு விளிம்பு சீகூர்ச் சமவெளிக்குமேல் சுவர்போல நிற்கிறது. மேலிருந்து கீழே 900 மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 3,000 அடி. இதன் பொருள் என்ன என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். 1,000 லிட்டர் தண்ணீரை 900 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறக்கிச் சக்கரத்தைச் சுற்றினால், வழியில் வீணாவது போக, சுமார் 2 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதே 1,000 லிட்டரை மேட்டூரைப் போன்ற அணையின் அடியில் விட்டால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் தேறும். அதனால்தான் பைக்காராவில் பிரம்மாண்டமான அணை தேவைப்படவில்லை. தண்ணீரைத் திருப்பிவிடும் அளவுக்கு ஒரு தடுப்பு, விளிம்புவரை கொண்டுபோக ஒரு வாய்க்கால், விளிம்பில் ஒரு சின்னத் தேக்கம், பிறகு குழாய். மிச்ச வேலையை மலை பார்த்துக்கொண்டது.

நீலகிரிக்கு இந்த யோசனை புதியதும் அல்ல. குன்னூர் பக்கம் காட்டேரி அருவியின் நீரைக்கொண்டு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்சாரம் எடுத்திருந்தார்கள். ஆனால் அது ஒரு தொழிற்சாலையின் தேவைக்கு மட்டும். மலையில் எடுத்த மின்சாரத்தைக் கம்பிவழியே சமவெளிக்கு இறக்கி ஊர் ஊராகக் கொடுப்பது வேறு காரியம். அதற்குப் பணம் வேண்டும், அதைவிட அரசுக்குத் துணிச்சல் வேண்டும். 1920களில் சென்னை மாகாண ஆளுநரின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த சர் சி.பி.ராமசாமி ஐயர் இந்தத் திட்டத்தை முன்னெடுத்தார். மேட்டூர் அணைக்காகவும் வாதாடியவர் அவர்தான். திருவிதாங்கூரில் அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்துகள் உண்டு. ஆனாலும் பைக்காராவும் மேட்டூரும் வேண்டும் என்று அன்று அவர் நின்றதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. 1927ல் மாகாணத்துக்கென்று தனி மின்துறை உருவானது. அதன் தலைமைப் பொறியாளராக இருந்த மேஜர் ஹோவர்ட் பொறுப்பில் 1929ல் வேலை தொடங்கியது. 1932ல் சிங்காராவில் சக்கரங்கள் சுழன்றன.

வேலை நடந்த அந்த மூன்று ஆண்டுகளை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. மேலே பனியும் ஓயாத மழையும் குளிரும். கீழே சீகூர்க் காடு, அந்நாளில் மலேரியாவுக்குப் பேர்போனது. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்டச் செங்குத்தான சரிவு. அந்தச் சரிவில் கனத்த இரும்புக் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி, பாறையில் காங்கிரீட் போட்டு நிறுத்தி, இணைத்துக்கொண்டே போகவேண்டும். மூட்டு ஒன்று பிசகினாலும் தாங்காது. குழாயின் அடியில் தண்ணீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 90 கிலோ அளவுக்கு இருக்கும். அந்த வேகத்தில் முனையிலிருந்து பீச்சும் நீர், கிண்ணங்கள் பொருத்திய பெல்ட்டன் சக்கரத்தில் அடித்துத் திருப்புகிறது. முதலில் ஓடியவை மூன்று எந்திரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 மெகாவாட். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக அதிக உயரத்திலிருந்து நீரை இறக்கிய மின்நிலையங்களில் ஒன்று இது. சி.பி. பேரும் ஹோவர்ட் பேரும் நமக்குத் தெரியும். குழாயைச் சுமந்தவர்களில், பாறையை உடைத்தவர்களில், காய்ச்சலில் விழுந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

மின்சாரம் 66 கிலோவோல்ட் கம்பியில் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. ஊரில் ஆலைகள் அதற்கு முன்பே இருந்தன. ஸ்டேன்ஸ் ஆலை 1888லேயே வந்துவிட்டது. ஆனால் அப்போதெல்லாம் நீராவி எந்திரம், ரயிலில் வரவேண்டிய நிலக்கரி. கோவைக்குப் பக்கத்தில் நிலக்கரி ஏது? பருத்தி விளையும் கரிசல் மண் இருந்தது, பஞ்சை நூலாக்கத் தெரிந்த கைகள் இருந்தன, முதல் போட ஆட்கள் இருந்தார்கள். மலிவான விசை ஒன்றுதான் குறை. பைக்காரா அந்தக் குறையைத் தீர்த்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் சுருண்டுகிடந்த 1930களில் கோவையில் ஆலைமேல் ஆலையாக எழும்பியது. பீளமேடும் சிங்காநல்லூரும் சங்கு ஊதி எழும் ஊர்களானது அந்த வேகத்தில்தான்.

ஆலைகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கிணறுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கொங்கு நாட்டில் ஆறு போகாத இடமெல்லாம் ஆழக் கிணறுதான். விடியுமுன் கவலை என்ற மாட்டு இறைவையைப் பூட்டி, மாடுகளை ஏற்றியும் இறக்கியும் சால் சாலாகத் தண்ணீர் இறைத்தால் ஒரு நாளில் கொஞ்ச நிலம் நனையும். கிணற்று நீர் மட்டம் கீழே போகப் போக மாடும் ஆளும் திணறிப்போவார்கள். கிராமத்துக்குக் கம்பி வந்ததும் அந்த இடத்தில் மோட்டார் வந்தது. மோட்டார் வந்ததும் அதைச் செய்யும் பட்டறைகள் வந்தன. வார்ப்படச் சாலைகள் வந்தன. கோவை மோட்டார் என்று நாடு முழுக்கப் போவதன் வேர் இங்கே இருக்கிறது.

என் அம்மாவின் அப்பா பல்லடம் பக்கத்திலிருந்து வந்து ஆலையில் சேர்ந்தவர். கவலை ஓட்டிய கை பிறகு ஸ்பின்னிங்கில் நூல் பிணைத்தது. மழைக்காலத்தில் ஊட்டிப் பக்கம் மேகம் கட்டியிருக்கிறதா என்று வாசலில் நின்று பார்ப்பார். "அங்க பேஞ்சாத்தான் கண்ணு இங்க மூணு ஷிப்டு. பைக்காராவுல தண்ணி கொறஞ்சா நம்ம அடுப்புல ஒல கொதிக்காது" என்பார். மின்வெட்டு என்றால் ஆலையில் வேலை குறையும், கூலி குறையும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அப்படிக் குறைந்த நாட்களை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மலையில் பெய்யும் மழைக்கும் ஒரு ஆலைத் தொழிலாளியின் வீட்டு அரிசிக்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு இருந்தது.

அந்தக் குறைபாடு திட்டத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. ஆறு ஆகஸ்டில் பெருகும், மார்ச்சில் மெலியும். ஆலையோ வருடம் முழுக்க ஓடவேண்டும். திருப்பிவிடும் தடுப்பு மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்பது சில வருடங்களிலேயே தெரிந்துபோக, ஆற்றின் தலைமாட்டில் முக்குருத்தி அணை கட்டினார்கள். 1938ல் அது முடிந்தது. மழைநீரைச் சேமித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும் ஏற்பாடு அது. சிங்காராவில் எந்திரங்களும் கூடின.

சிங்காராவில் வேலை முடித்த தண்ணீரை அப்படியே விட்டுவிட மனமில்லாமல், மரவகண்டியில் தேக்கி, கால்வாயில் கொண்டுபோய், பள்ளத்தாக்கின் அடியில் மாயாறு மின்நிலையத்தில் மறுபடி சக்கரத்தில் விட்டார்கள். 36 மெகாவாட் நிலையமான அது 1952ல் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து ஓடும் நீருக்கு 1955ல் முடிந்த கீழ்பவானித் திட்டத்தின் பவானிசாகர் அணை காத்திருக்கிறது. அங்கே 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். முக்குருத்தியில் விழுந்த ஒரு துளி, சிங்காராவில் ஒருமுறை, மாயாற்றில் ஒருமுறை மின்சாரம் கொடுத்துவிட்டு ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வயலில் போய்ச் சேர்கிறது. இதைவிடச் சிக்கனமாக ஒரு ஆற்றைப் பயன்படுத்திய இடத்தை நான் அறியேன்.

கிளன்மார்கனுக்குப் போனால்தான் இதன் முழு உருவமும் தெரியும். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் அமைதியான ஒரு தேக்கம். அதைத் தாண்டி நடந்தால் நிலம் திடீரென்று முடிந்துவிடும். கீழே சிங்காரா, மசினகுடி, முதுமலைக் காடு, அதற்கப்பால் மைசூர்ப் பீடபூமி. காலடியிலிருந்து குழாய்கள் நேர்க்கோட்டில் இறங்கி மரங்களுக்குள் மறைகின்றன. அவற்றோடு கூடவே தண்டவாளம். அதில்தான் வின்ச் ஓடும். கம்பிவடத்தில் கட்டிய பெட்டி, மின்வாரிய ஊழியர்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு சுமார் மூன்று கிலோமீட்டர் சரிவில் போய்வர அமைத்தது. பழனி மலைக்கு வின்ச் வருவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் முந்தியது இது. சாலைவழி என்றால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் இறங்கி மசினகுடி சுற்றிப் போகவேண்டும்.

அங்கே வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "புதுசா வர்றவங்க கீழ பாத்துத் தலை சுத்திருவாங்கம்மா. தண்டவாளத்தைப் பாக்காதீங்க, எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியப் பாத்துப் பேசிட்டே வாங்கன்னு சொல்லுவோம்" என்றார். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவ வலி எடுத்த பெண்கள் எல்லாரையும் அது தூக்கி வந்திருக்கிறது என்றும் சொன்னார். மழையில் மேகம் வந்து மூடினால் முன்னால் பத்தடி தெரியாது. மணி அடிக்கும் கணக்கை வைத்தே மேலே இருப்பவர் வடத்தை நிறுத்துவாராம். எத்தனை மணிக்கு என்ன பொருள் என்று விரல்விட்டுச் சொல்லிக் காட்டினார். அந்தக் கணக்கு எந்தக் கோப்பிலாவது எழுதியிருக்கிறதா என்ற கவலை அன்றிலிருந்து எனக்கு.

இப்போது நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களைப் பற்றிப் பேசவேண்டும். உண்மையில் அவர்களிடம் தொடங்கியிருக்க வேண்டிய கதை. இந்த ஆறு அவர்களுக்குத் தெய்வம். அதைக் கடக்கும்போது பூத்துக்குளிப் போர்வையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்து வணங்கிக் கடப்பது அவர்கள் மரபு என்று நூறு வருடத்துக்கு முன்பே மானிடவியலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். முக்குருத்தி, இறந்தவர்களின் உயிர் மறுஉலகுக்குப் போகும் வழி என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய கோயில்களான பால்மனைகளில் சொல்லும் வேண்டுதல்களில் குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் எருமைகளுக்கும் தனித்தனிப் புனிதப் பெயர்கள் வரும். நாம் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்று வரைபடத்தில் ஒரே வண்ணம் பூசிவிட்ட இடத்தில் ஒவ்வொரு ஓடைக்கும் அவர்களிடம் பெயர் உண்டு.

அந்த நிலத்தில் எருமை மேய்ந்த புல்வெளிகள் பல தண்ணீருக்குள் போயின. பைக்காராவோடு நிற்கவும் இல்லை. ஐம்பதுகளின் நடுவில் கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் தொடங்கி, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து என்று பீடபூமியின் மேற்குப் பாதி நீர்த்தேக்கங்களின் தொடராக மாறியது. எஞ்சிய புல்வெளியில் சீகை, தைலம், பைன் என்று மரம் நட்டார்கள். புல்வெளியை வெறும் தரிசாக நினைத்த காலம் அது. மழைநீரைப் பிடித்து வைத்துச் சிங்காராவுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததே அந்தப் புல்தான் என்பது வனத்துறைக்கும் நமக்கும் வெகு தாமதமாகத்தான் உறைத்தது. கோவையின் வளர்ச்சிக் கதையைப் பெருமையோடு சொல்கிறவள் நான். அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை அதே மூச்சில் சொல்லாவிட்டால் அது பொய்க்கதை ஆகிவிடும்.

கீழேயும் ஒரு விலை உண்டு. சீகூர்ச் சமவெளி, மேற்கு மலைத்தொடரின் யானைகளும் கிழக்கு மலைத்தொடரின் யானைகளும் போய்வரும் வழி. மாயாறு மின்நிலையத்துக்குப் போகும் திறந்த கால்வாய் அந்த வழியின் குறுக்கே ஓடுகிறது. அதைத் தாண்ட யானைகள் குறிப்பிட்ட சில இடங்களையே தேடவேண்டியிருக்கிறது. 2005ல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் பைக்காரா இறுதிநிலைத் திட்டம் வந்தபோது காட்டைப் பற்றிய வாதங்கள் நீண்டகாலம் நடந்தன. அதன் மின்நிலையத்தை நிலத்துக்கடியில் குடைந்து அமைத்தார்கள். 1932ல் இப்படி ஒரு கேள்வியே யாருக்கும் எழுந்திருக்காது.

அதே 2005ல்தான் நீலகிரி மலை ரயிலுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. மகிழ்ச்சி. பல்சக்கரத்தில் ஏறும் அந்த ரயில் அதற்கு முழுத் தகுதி உடையது. ஆனால் மலையின் இன்னொரு பக்கம் தண்ணீரை இறக்கிய இந்தக் கட்டுமானமும் அதற்குச் சற்றும் குறைந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம். ரயில் மக்களை மலைக்கு ஏற்றியது. பைக்காரா சமவெளியில் இருந்தவர்களின் வேலையை, விவசாயத்தை, இரவை மாற்றியது.

இதைச் சுற்றுலாத் தலம் ஆக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. சிங்காராவுக்கு வண்டி வண்டியாக ஆட்கள் போனால் அந்தக் காடு தாங்காது. அனுமதி இல்லாமல் யாரும் போகமுடியாது என்ற இன்றைய கட்டுப்பாடு அப்படியே இருக்கட்டும். வேண்டியது வேறு. எந்திரங்களைப் புதுப்பிக்கும்போது பழையவற்றை எடைக்குப் போடாமல் காக்கவேண்டும். வின்ச்சையும் அதன் மணி அடிக்கும் கணக்கையும் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யவேண்டும். ஊழியர் குடியிருப்பின் பழைய கட்டடங்களை இடிக்குமுன் அளந்து வரைந்தாவது வைக்கவேண்டும். படகுத்துறையில் ஒரே ஒரு அறை போதும். அங்கே முக்குருத்தியிலிருந்து பவானிசாகர் வரை தண்ணீர் போகும் வழியைச் சுவரில் வரையலாம். அந்த வரைபடத்தில் முதலில் எழுதவேண்டியவை தோடர்கள் தங்கள் ஓடைகளுக்கும் குன்றுகளுக்கும் வைத்த பெயர்கள், எவற்றை வெளியே சொல்லலாம் என்பதை அவர்களே முடிவு செய்து.

கோவையிலும் செய்ய நிறைய இருக்கிறது. ஆலைகள் மூடி, நிலம் அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கிறது. அந்தத் தலைமுறைத் தொழிலாளர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் மின்வெட்டுக் காலத்துக் கூலிச் சீட்டுகள் இருக்கும், பழைய அடையாள அட்டைகள் இருக்கும். மலைமேல் வேலைக்குப் போன சித்தப்பா, பெரியப்பா கதைகள் இருக்கும். பைக்காராவிலோ குந்தாவிலோ உங்கள் வீட்டார் யாராவது வேலை செய்திருந்தால் அவர்கள் எந்த ஊரிலிருந்து, யார் கூட்டிப்போய், என்ன கூலிக்குச் சேர்ந்தார்கள், கூடப் போனவர்களில் திரும்பாதவர்கள் யார் யார் என்று இப்போதே கேட்டு, பேரோடு எழுதி வையுங்கள்.